சிவப்பு ரிப்பன் வாத்து

கோம்பையில் பவுனுவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. பால்காரர் தண்ணீர் கலந்தால் ஒரு சண்டை. கலக்காமல் கொடுத்தால், "இன்னைக்கு மட்டும் என்ன திடீர்னு தர்மராசா ஆயிட்டீக?" என்று இன்னொரு சண்டை. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். திட்டி முடித்த கையோடு, "உக்காருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். அந்த வாய்க்குப் பயந்துதான் அவள் கடையில் ஒரு பயலும் வாலாட்டுவதில்லை என்று ஊர் நம்பியது. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

பிறந்தது பண்ணைப்புரம். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருந்தவளைக் கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் கர்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கர்ணன் விடியுமுன் கிளம்பினால் மலையேறி இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடும். சும்மா குந்தியிருக்கத் தெரியாத பவுனு, கடைவீதியில் ஒரு எஸ்டிடி பூத் போட்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஊரே வந்து அழுதது, சிரித்தது, பொய் சொன்னது. வெளியே உட்கார்ந்திருந்த பவுனு, பேசுகிறவரின் முதுகைப் பார்த்தே வந்திருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவாள்.

அப்புறம் ஆளாளுக்கு சட்டைப்பையில் செல்போன் முளைத்தது. பூத்தில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று சும்மாவா சொன்னார்கள்? கூண்டைப் பெயர்த்து எறிந்துவிட்டு, பிளைவுட்டில் மூன்று தடுப்பு அடித்து, கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, நெட் சென்டர் ஆக்கினாள். தடுப்புகளுக்குக் கதவு கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் ஸ்டம்பு சாத்தியிருக்கும். "கண்ட படத்தையும் பாத்தீக, கண்ணுல கரண்டிய விட்டுத் தோண்டிருவேன்" என்பதுதான் வருகிறவர்களுக்கு முதல் வரவேற்பு. திருடன் எந்த வாசல் வழியாக வருவான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு, அந்த வாசலில் கம்போடு நின்றாள். பாவம், வீட்டுக்கு இன்னொரு வாசலும் இருந்ததை அவள் அறியவில்லை.

ஒரே மகள் கயல். பத்து வயது. பவுனு அந்தப் பிள்ளையை அதட்டித்தான் வளர்த்தாள், ஆனால் குறை சொல்ல முடியாதபடி வளர்த்தாள். நம் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் பேரையா கேட்பார்கள்? "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முழிக்கிற பிள்ளை வளர்ப்பு சரியில்லாத பிள்ளை. ஆகவே கயலுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே பவுனு சொல்லிக்கொடுத்திருந்தாள். "யாரு கேட்டாலும் மண்ணு மாதிரி நிக்கக் கூடாது. ஜீப்பு கர்ணன் மக, நெட்டு சென்டர் பவுனு மக, வடக்குத் தெரு, வேப்பமரத்து வீடுன்னு வாய் நெறையச் சொல்லணும்." கயலும் மணி அடித்தாற்போல் சொல்லுவாள். கேட்டவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பவுனுவுக்குப் பெருமை பிடிபடாது.

பள்ளிக்கூடம் விட்டதும் கயல் நேரே கடைக்கு வந்துவிடுவாள். டியூஷனுக்குப் போகும்வரை கல்லா மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் அவளுக்கு. அதில் ஒரு வாத்து விளையாட்டு விளையாடுவாள். ஒரு பெரிய குளம். குளம் நிறைய வாத்துகள். ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குக் குடை. வாத்து பேசினால் அதன் தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் குமிழ் வந்து, அதில் எழுத்து தெரியும். பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். பவுனு எட்டிப் பார்த்துவிட்டு, "டிவியில வர்ற பொம்மைப் படம் மாதிரி" என்று விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாளே தவிர, அந்த வாத்துகளை மிஷினே ஓட்டுகிறது என்றுதான் நினைத்தாள். வாத்து வாயில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது?

கயலுக்கு அங்கே ஒரு சிநேகிதி. தலையில் சிவப்பு ரிப்பன் கட்டிய வாத்து. பெயர் சிம்ரன். சிங்கப்பூரில் இருக்கிறாளாம், இவள் வயதுதானாம். சாப்பிடும்போது சிம்ரன், குளிக்கும்போது சிம்ரன். அதுவும் விளையாட்டில் வருகிற கதைதான் என்று நினைத்த பவுனுவும், "ஏண்டி, அந்த வாத்துக்காரி ஒனக்குக் கணக்குப் போடச் சொல்லித் தரமாட்டாளா?" என்று கேலி பேசுவாள்.

ஆடி பிறந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று என்றால் சும்மா இல்லை. மலை இடுக்கிலிருந்து புறப்பட்டு ஊருக்குள் இறங்கும்போது தகரம் எல்லாம் பேயாட்டம் ஆடும். கடையின் ஷட்டர் யாரோ வெளியிலிருந்து உலுக்குவதுபோல் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில்தான் கயல் சில விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ இன்னைக்குக் கட்டியிருக்கிற மஞ்சச் சேலை நல்லா இருக்காம். சிம்ரன் சொன்னா."

"நீ சொல்லியிருப்ப."

"நான் சொல்லவே இல்லம்மா."

இன்னொரு நாள், கணக்கில் மார்க் குறைந்ததற்குக் கடையின் பின்கட்டில் வைத்து முதுகில் ஒன்று போட்டாள் பவுனு. யாரும் பார்க்கவில்லை. பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வாத்து முன்னால் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு திரும்பி, "ரொம்ப வலிச்சுச்சாடின்னு சிம்ரன் கேக்குறாம்மா. நான் ஒண்ணுமே சொல்லல. அவளுக்கு எல்லாமே தெரியும்" என்றது. பவுனு, "போடி, ஒளறாத" என்று அதட்டினாள். அதட்டினால் பயம் போய்விடும் என்பது அவள் வழக்கம்.

பக்கத்துக் கடையில் துணி தைக்கும் பஞ்சம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள். பஞ்சம்மாள் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, "ஆத்தாடி! புள்ள கூட ஏதோ பேசுதுடி. ஆடிக் காத்துல என்னென்ன வரும் போகும்னு யாரு கண்டா? ஒரு கயிறு கட்டிரு" என்றாள். பவுனு திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்து பிள்ளை கையில் கட்டிவிட்டாள். பேயென்றால் கயிறு கட்டலாம், வேறென்ன செய்வது?

அவள் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கடைக்குள் வந்தவர் ஈஸ்வரபாண்டி. ஏலக்காய்த் தரகர். அன்றைய ஏல விலை பார்க்க தினமும் சாயங்காலம் வந்து மூன்றாவது தடுப்பில் உட்காருவார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். பவுனுவைத் தங்கச்சி என்பார், கர்ணனை மாப்பிள்ளை என்பார். கடைக்கு நெட் லைன் கிடைக்காமல் அவள் அலைந்தபோது கூடவே அலைந்தவர். கயலுக்கு அவர் மாமா. "புள்ளைக்கு என்ன தங்கச்சி, கயிறெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் தலையை ஆட்டினார். "மலையடிவாரத்துல ஒரு பூசாரி இருக்காரு. கைராசிக்காரரு. ஒனக்குக் கடைய விட்டு வர முடியாதுன்னா சொல்லு, நானே பைக்குல கூட்டிப் போயிட்டு வந்துர்றேன்."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்? ஒரு நாள் பாப்பம்" என்றாள் பவுனு. சொந்த அண்ணன்கூட இப்படிக் கேட்கமாட்டான் என்று நெகிழ்ந்து போனாள்.

அப்போது கரண்டு வெட்டு இருந்த காலம். எப்போது போகும் எப்போது வரும் என்று மின்சாரத்துக்கே தெரியாது. கல்லா கம்ப்யூட்டருக்கும் நெட் பெட்டிக்கும் மட்டும் பேட்டரி வைத்திருந்தாள் பவுனு. தடுப்பிலிருக்கும் மூன்றும் அணைந்துவிடும். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் பட்டென்று போனது. தெரு முழுக்க மிக்ஸி, ரேடியோ, தறி எல்லாம் ஒரே மூச்சில் அடங்கி, காற்றின் ஊளை மட்டும் மிஞ்சியது.

"ச்சே, சிம்ரனும் போயிட்டா" என்றாள் கயல். "நம்ம கரண்டு போனா அவளும் போயிருவா."

பவுனு மெழுகுவத்தி தேடிக்கொண்டே, "மிஷினு வாத்து போகாம என்ன செய்யும்?" என்றாள்.

"மிஷினு இல்லம்மா. ஒவ்வொரு வாத்தும் ஒரு ஆளு. எங்கனயாவது ஒக்காந்து தட்டுவாக."

பவுனுவின் கை நின்றது. திரையைப் பார்த்தாள். குளத்தில் மற்ற வாத்துகள் எல்லாம் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. தொப்பி வாத்து இருந்தது. குடை வாத்து இருந்தது. சிவப்பு ரிப்பன் மட்டும் இல்லை.

"எப்பவுமே அப்பிடியா?"

"ம். கரண்டு வந்ததும் அவளும் வந்துருவா."

கோம்பையில் கரண்டு போனால் சிங்கப்பூரில் எப்படியடியம்மா விளக்கணையும்? பவுனு ஸ்டூலை இழுத்துப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்தாள். அவளுக்கு அது சுலபமான வேலை இல்லை.

"கயலு, அவ மொதமொதல்ல ஒங்கிட்ட என்ன கேட்டா?"

"நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டா. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன்மா. ஜீப்பு கர்ணன் மக, நெட்டு சென்டர் பவுனு மக, வடக்குத் தெரு, வேப்பமரத்து வீடு. ஒரு எழுத்து தப்பில்லாம."

பிள்ளை பாராட்டை எதிர்பார்த்து முகத்தைப் பார்த்தது. சிங்கப்பூர்ப் பிள்ளை பேரைக் கேட்கும், எந்த வகுப்பு என்று கேட்கும். யாரு வீட்டுப் பிள்ளை என்று எந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளை கேட்கும்? அதைக் கேட்கிற வாய் இந்தத் தண்ணீரைக் குடித்த வாயாகத்தான் இருக்க வேண்டும்.

"வேற என்ன சொன்னா? அம்மா அடிக்கமாட்டேன், சொல்லு."

கயல் தயங்கினாள். "சிம்ரன் திருவிழாவுக்கு ஊருக்கு வாராளாம்மா. நாளைக்கு டியூசனுக்குப் போகாம கோயில் பின்பக்கம் நிக்கணும். அவுக மாமா வந்து என்னயக் கூட்டிப்போவாக. ஒங்கிட்டச் சொன்னா நீ விடமாட்டன்னு ரகசியமா வச்சிருக்கோம்."

நாளைக்கு. பவுனுவுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. இன்றைக்குக் கரண்டு போகாமலிருந்தால், சிம்ரனும் போயிட்டா என்று இந்தப் பிள்ளை உளறாமலிருந்தால், நாளைக்கு இந்நேரம் அவள் பிள்ளை எங்கே?

கரண்டு வந்தது. ஃபேன் சுற்றியது. தடுப்புகளில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கொஞ்ச நேரத்தில் குளக்கரையில் சிவப்பு ரிப்பன் வாத்து வந்து நின்றது. தலைமேல் குமிழ் விரிந்தது. பவுனு எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘சாரிடி. அம்மா கூப்ட்டாக.’

கூப்ட்டாங்க இல்லை. கூப்ட்டாக.

தடுப்புகளுக்குப் போகும் லைனுக்குத் தனி சுவிட்சு உண்டு. கடை அடைக்கும்போது அணைப்பதற்காகக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தது. அதை ஏன் தொட்டாள் என்று பவுனுவைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தட்டிவிட்டாள். வீதி முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருக்க, அவள் கடைத் தடுப்புகள் மட்டும் செத்தன. திரையில் சிவப்பு ரிப்பன் வாத்து ஒரு இறக்கையைத் தூக்கியபடி அப்படியே நின்று, பிறகு இல்லாமல் போனது.

ஊருக்குள் இல்லை. தெருவுக்குள் இல்லை. இந்த ஷட்டருக்குள்ளேதான் இருக்கிறது.

"ஏக்கா, மறுபடியுமா?" என்று முதல் தடுப்பிலிருந்து கத்தினான் பேச்சிமுத்து. "ஃபியூசுடா, இரு" என்று சொன்னபோது தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது அவளுக்கு. இரண்டாவது தடுப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர், ஆள் இல்லை. மூன்றாவதில் ஈஸ்வரபாண்டி அண்ணன். ஆக, பேச்சிமுத்துதான். கட்சிக் கரைவேட்டிக்காரன் பின்னால் சுற்றுகிற பயல், முடியைப் பரட்டையாக விட்டுக்கொண்டு, வேலைக்கு மனுப் போடுகிறேன் என்று மணிக்கணக்காக உட்காருகிற பயல். அவன் கண்ணே சரியில்லை என்று அவள் என்றைக்கோ முடிவு கட்டியிருந்தாள்.

சுவிட்சைப் போட்டாள். கயலின் காதில், "பஞ்சம்மா சித்திகிட்ட போய் இரு. அம்மா வந்து கூப்பிட்டாத்தான் வரணும். வேற யாரு கூப்பிட்டாலும் வரப்படாது, சாமியே வந்து கூப்பிட்டாலும்" என்றாள். பிள்ளை மிரண்டு ஓடியது. பவுனு மகளின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையில் ஸ்டம்பு. வாத்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது. ‘கயல், இருக்கியா?’

ஒற்றைக் கையால் தட்டினாள். ‘இருக்கேன்.’

‘உங்கம்மா எங்கன?’

‘வெளிய போயிருக்காக.’

‘நல்லது’ என்றது வாத்து.

அந்த ‘நல்லது’வைப் படித்ததும் பவுனுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து பேச்சிமுத்துவின் மண்டையைப் பிளந்துவிடலாம் என்று ஸ்டம்பை இறுக்கினாள். அந்த நேரம் பார்த்து முதல் தடுப்பிலிருந்து அந்தப் பயலே வெளியே வந்தான். "அக்கா, டீ குடிச்சிட்டு…" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயடைத்து அவள் எதிரிலேயே நின்றுவிட்டான். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.

திரையில் புதுக் குமிழ் ஒன்று விரிந்தது. ‘நாளைக்கு மறந்துராத.’

பவுனு பேச்சிமுத்துவின் கைகளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். வாயில் விரல் வைத்து அவனை அசையாதே என்று சைகை காட்டிவிட்டு, மெதுவாகத் தட்டினாள். ‘எந்த மாமா வருவாக?’

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. கடைக்குள் சத்தமே இல்லை. பிறகு கேட்டது. டொக். டொக். டொக். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, அவசரமே இல்லாமல் தட்டுகிற சத்தம். மூன்றாவது தடுப்பிலிருந்து. சத்தம் நின்றது. குமிழ் விரிந்தது.

‘உனக்குத் தெரிஞ்ச மாமாதான். பாத்ததும் சிரிப்ப.’

லைனுக்காக அலைந்த அண்ணன். மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கர்ணன் தோளில் கை போடுகிறவர். பின்கட்டை ஒட்டிய அந்தத் தடுப்பில் உட்கார்ந்து, பிள்ளை அடி வாங்கியதைக் கேட்டிருந்தவர். அவள் ஏதாவது பதில் தட்டியிருக்க வேண்டும். விரல் வரவில்லை. நேரம் போனது. குமிழ் இன்னொன்று வந்தது. ‘கயல்?’ பிறகு இன்னொன்று. ‘கயல்?’

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மூன்றாவது தடுப்பின் பிளைவுட்டுக்கு மேலே முதலில் நரைத்த முடி வந்தது. பிறகு விபூதி. பிறகு இரண்டு கண்கள், கல்லா மேசையில் பிள்ளை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தன. பிள்ளையின் நாற்காலியில் பிள்ளையின் அம்மா விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

"தங்கச்சி," என்றது அந்தத் தலை. "நீயா?"

அந்த ‘நீயா’ போதாதா? இனி அவனுக்கு என்ன மரியாதை ‘ர்’ வேண்டிக் கிடக்கிறது.

பவுனு கத்திய கத்தல் தேர் நிற்கும் இடம் வரை கேட்டதாகச் சொல்வார்கள். "அடப் பாவி! ஒன்னய அண்ணேன்னு சொன்ன வாயி வேகாதாடா!" ஸ்டம்பு எத்தனை தடவை இறங்கியது என்று யாரும் எண்ணவில்லை. வெளியே பாய்ந்தவனை வாசலில் மறித்துத் தள்ளியவன் பேச்சிமுத்துதான். பஞ்சம்மாள் கத்திரிக்கோலோடு ஓடி வந்தாள். ஈஸ்வரபாண்டி முகம் ரத்தமாக இருந்தபோதும், "வெளையாட்டுக்குத்தான் தங்கச்சி, புள்ள கூட வாத்து வெளையாடினது ஒரு குத்தமா?" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். வாயில் அந்த ஏலக்காய் அப்போதும் இருந்தது.

கர்ணன் வந்து சேர்வதற்குள் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம் என்றார்கள். "ஒண்ணும் நடக்கலையேத்தா. பொம்பளப் புள்ள பேரு வெளிய வந்தா நாளைக்கு யாரு கட்டுவாக?"

"பத்து வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை தேடுறீகளா? ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றீகளே, நடக்கணும்னு காத்திருக்கவா?" என்று பவுனு எகிறினாள். அவளைச் சமாதானப்படுத்துவதில் எல்லாரும் மும்முரமாக இருந்தபோது, மூஞ்சி கழுவப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. பவுனுவும் கர்ணனும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தபோது அவன் மலை ஏறிக் கேரளாவுக்குள் போயிருந்தான். கட்டப்பனையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கன இல்லை, நெடுங்கண்டத்தில் என்றார் இன்னொருவர். எங்கேயோ ஒரு கடையில், சுவரோரத்து இருக்கையில், ஏலக்காய் மென்றபடி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பான் என்று பவுனு இன்றைக்கும் நினைத்துக்கொள்வாள். அவன் இப்போது எந்தப் பிள்ளைக்கு எந்தப் பேரில் சிநேகிதியோ?

கடையை அவள் மூடவில்லை. தடுப்புகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். எல்லாத் திரைகளும் கல்லாவைப் பார்த்து இருக்கும்படி திருப்பினாள். விளையாட வரும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, "உள்ள எந்த வாத்து கேட்டாலும் பேரு சொல்லாத, தெரு சொல்லாத, யாரு வீட்டுப் புள்ளன்னு சொல்லவே சொல்லாத. ரகசியம்னு எவளாவது சொன்னா மொதல்ல எங்கிட்ட ஓடி வா" என்றாள். பிள்ளைகளுக்கு மரியாதை கெட்டுப்போகிறது என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். போகட்டும் என்றாள். சந்தேகப்பட்டதற்குப் பேச்சிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன் உட்காருகிற நேரத்துக்கு டீ மட்டும் தானாக வந்துவிடும்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு, கூட்டம் கலைந்தபின், பவுனு பஞ்சம்மாள் கடையிலிருந்து பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சத்தம் கேட்டிருக்கும். ஆனால் என்ன நடந்தது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த கயல் கேட்டாள்.

"அம்மா, சிம்ரன் இனி வரமாட்டாளா?"

பவுனுவுக்குப் பொய் சொல்லத்தான் ஆசை. முடியவில்லை. "சிம்ரன்னு யாரும் இல்ல ஆத்தா. அது ஈஸ்வரபாண்டி. பொய்யா ஒரு பேரு வச்சுக்கிட்டு ஒங்கூடப் பேசியிருக்கான்."

"இல்ல. சிம்ரன் வேற." பிள்ளை பிடிவாதமாகத் தலையை ஆட்டியது. "நீ அடிச்சா அவதான் ஆறுதல் சொல்லுவா. தெனமும் இன்னைக்கு என்னடி நடந்துச்சுன்னு கேப்பா. வேற யாருமே என்னயக் கேட்டதில்ல."

பவுனு ஒரு வாய் உருட்டிப் பிள்ளையிடம் நீட்டினாள்.

கயல் அந்த உருண்டையை வாங்கவில்லை. பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. "அம்மா," என்றாள். "ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி நெனச்சுக்கன்னு சொல்லி, சிம்ரன் வாத்து தெனமும் இறக்கையால என்னயக் கட்டிப்பிடிக்கும். நானும் கட்டிப்பிடிப்பேன். அப்ப… அது அவரா?"

கயல் எழுந்து கொல்லைப்புறம் போனாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கைகளைக் கழுவினாள். விரல் விரலாகத் தேய்த்தாள். பிறகு சோப்பை எடுத்து முழங்கைவரை, தோள்வரை தேய்த்தாள். ஈரமான பாவாடையோடு நின்றுகொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். போதும்டி என்று பவுனு அதட்டவில்லை. பக்கத்தில் போய் நின்று, பிள்ளை கையிலிருந்த சொம்பை வாங்கித் தண்ணீர் ஊற்றினாள்.